எடுக்கக் கூடாத அழைப்பு

1

இன்று இலங்கையில், பதுளையில், என் தம்பிக்குக் கிளினிக் நாள். மெல்பேர்னில் எனக்கு வேலை நாள். இரண்டும் ஒன்றாக வந்தால் நான் ஒரு நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. காலையிலிருந்து மூன்று தடவை தேநீர் ஊற்றி மூன்றையும் ஆறவிட்டேன். அச்சு இயந்திரத்துக்குத் தாள் போட்டுவிட்டு அதன் கதவை மூட மறந்தேன். எங்கள் முகாமையாளர் லின் வந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். தம்பியின் கதை முழுவதும் வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். வாயை அடக்குவது எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடமாகத்தான் பழக்கம். இன்னும் சரியாகக் கைவரவில்லை.

நான் வேலை செய்வது ஒரு மனநல நிலையத்தில். வரவேற்பு மேசை. இரண்டு வைத்தியர்கள், மூன்று உளவள ஆலோசகர்கள், ஒரு மீன் தொட்டி. ஒன்பது வருடங்களாக அந்த மேசையில் இருக்கிறேன்.

பத்து மணியளவில் ஓர் அழைப்பு வந்தது. என் ஆங்கிலத்தைக் கேட்ட மாத்திரத்தில் அந்தப் பக்கம் தமிழுக்கு மாறிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"தங்கச்சி, நான் அவன்ர அக்கா. இண்டைக்கு அங்க வந்தவனோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்ல."

எங்களுக்கு ஒரு வசனம் இருக்கிறது. மனப்பாடம். அந்தப் பெயரில் ஒருவர் இங்கே வருகிறாரா, வரவில்லையா என்பதைக்கூட நாங்கள் சொல்ல முடியாது. அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது மரியாதையாக இருக்கும். தமிழில் சொன்னபோது கதவை முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

பிறகு அவர் கேட்டார்.

"உங்களுக்குக் கூடப்பிறந்ததுகள் இல்லையோ?"

வைத்துவிட்டார். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தேன்.

2

எனக்கு ஒரு தம்பி. மோகன் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய உண்மையான பெயரையும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். பசறையிலிருந்து மேலே ஏறும் பாதையில் எங்கள் தோட்டம். நாங்கள் பிறந்தது லயத்தில். ஒரே கூரையின் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. முதலாம் வீட்டில் தும்மினால் நான்காம் வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். அந்த இடத்தில் மோகனுக்கு இருபத்து மூன்று வயதில் நோய் வந்தது. அவன் காதில் யாரோ பேசினார்கள். பன்னிரண்டு வீட்டுச் சத்தத்துக்கு நடுவில் அதையும் அவன் கேட்டுக்கொண்டிருந்தான், பாவம்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள், கயிறு கட்டினார்கள். ஆறு மாதம் கழித்து நான்தான் பிடிவாதமாக அவனைப் பதுளைக்குக் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு நாள் எங்களுக்குக் கிளினிக். விடியக் கிளம்பிப் பசறைக்கு இறங்கி பஸ் பிடிப்போம். அவன் ஜன்னலோரம் இருப்பான். மருந்து விவரம் எழுதும் கிளினிக் கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி நான் மடியில் வைத்திருப்பேன். வைத்தியர் அவனைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். பதில் நான் சொல்வேன். தூக்கம் எப்படி என்பார், நான் சொல்வேன். மருந்து ஒத்துப்போகுதா என்பார், அதையும் நான் சொல்வேன். நான்கு வருடம் அப்படிப் போனோம். அந்த நான்கு வருடத்தில் அவன் அங்கே வாய் திறந்து ஒரு முழு வசனம் பேசியதாக எனக்கு நினைவில்லை. நல்ல அக்கா என்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பிறகு எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மோகன் அதே வீட்டில் தனியாக இருக்கிறான். மாதாமாதம் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு மலையில் வேலை செய்கிறான். கவ்வாத்து வெட்டுவதில், அதாவது தேயிலைச் செடியின் தலையைக் கத்தியால் மட்டமாக வெட்டுவதில், எங்கள் டிவிஷனில் அவன் கைக்குப் பெயர் இருந்தது.

3

இங்கே எங்கள் நிலையத்தில் விதிகள் அதிகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவை சிரிப்பாக இருந்தன. நோயாளருக்குப் போகும் கடித உறையில் நிலையத்தின் பெயர் இருக்கக் கூடாது. தொலைபேசியை வேறு யாராவது எடுத்தால் எங்கிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது. ஒருவர் வரவேண்டிய நாளில் வராவிட்டால் ஒரு தடவை அழைக்கலாம், ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லாவிட்டால், அவரே எழுதிக் கொடுத்த ஓர் ஆளுக்கு மட்டும் சொல்லலாம். தாயாக இருந்தாலும் சரி, தாலி கட்டியவனாக இருந்தாலும் சரி, படிவத்தின் அந்தக் கட்டத்தில் பெயர் இல்லையென்றால் இல்லைதான்.

"இவங்களுக்கெல்லாம் குடும்பம்னு ஒன்னு இருக்கா?" என்று அந்த நாட்களில் வீட்டில் வந்து கணவரிடம் பொரிந்து தள்ளுவேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார்.

இந்த வருடம் அந்த விதிகளைத் தமிழில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தமிழ் ஆட்கள் நிறைய வருகிறார்கள், நீதான் செய்ய வேண்டும் என்று லின் சொல்லிவிட்டாள். இரண்டு பக்கத் துண்டுப் பிரசுரம். "சம்மதம்" என்ற சொல்லில் அரை நாள் போனது. எங்கள் பக்கத்தில் சம்மதம் கேட்பது பெண் பார்க்க வரும்போது மட்டும்தான், அதுவும் பெண்ணைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்பார்கள். கடைசியில் "நீங்கள் சரி என்று சொன்னால் மட்டும்" என்று நீட்டி எழுதினேன். மகள் அனு வாசித்துப் பார்த்து, இதுதான் தனக்கும் புரிகிறது என்றாள். அவளுடைய தமிழ் அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வீட்டில் அவளுடைய அறைக்கதவு பெரும்பாலும் சாத்தியே இருக்கும், தட்டினால் அரை அடி திறக்கும்.

4

போன வருடம் இதே மாதம். தோட்டத்தில் மோகனுக்குப் பக்கத்து வீட்டுக் கமலா அக்கா தொலைபேசியில் வாய் தவறிச் சொல்லிவிட்டார்: "மோகனோட கிளினிக் கொப்பி ஆணியில தொங்குன எடத்துலயே தொங்குது, புஷ்பம். ரெண்டு மாசமா எறங்கல."

ஊசி நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மோகனை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் அழைத்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கிளினிக் நாள். காலை பதினொரு மணிக்கு எனக்குத் தேநீர் இடைவேளை. அங்கே அப்போது ஆறரை, பெரட்டு நேரம்.

பெரட்டு என்றால் தெரியாதவர்களுக்கு: காலையில் தொழிலாளர் எல்லோரும் ஓரிடத்தில் வரிசையாக நிற்பார்கள். பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து விடுவார்கள். ஆனால் அது வேலை பிரிக்கிற இடம் மட்டுமில்லை. தபால் வந்திருக்கிறதா, யார் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள், ஹாலிஎலயில் யார் செத்துப்போனது, யார் வீட்டு ஆடு காய்கறித் தோட்டத்தில் மேய்ந்தது, எல்லாமே பெரட்டில்தான் சொல்லப்படும். எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் செய்தி வந்தது. எனக்குப் பத்தாம் வகுப்பில் பரீட்சை முடிவு வந்ததும் பெரட்டில்தான். கைதட்டினார்கள்.

நான் அழைத்தது கங்காணி மாமாவை. அப்பாவோடு ஒன்றாகத் திரிந்தவர், எங்களைத் தூக்கி வளர்த்தவர். வேலையாட்களின் பேர்ப் பட்டியல் அவர் கையில்தான்.

"மாமா, நான் புஷ்பம். தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லுங்க மாமா. ரெண்டு மாசமா ஊசி போடலையாம். இன்னைக்குக் கிளினிக். நான் கூப்புட்டா எடுக்க மாட்டேங்குறான்."

"அதுக்கென்ன தாயி, இந்தா, இப்பவே சொல்லிப்புடுறேன்."

நான் "மாமா" என்று மறுபடி வாய் திறப்பதற்குள் அவர் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே குரலை எடுத்துவிட்டார்.

"ஏய் மோகன்! ஒங்கக்கா ஆஸ்திரேலியாவுல இருந்து பேசுது. ரெண்டு மாசமா நீ அந்த ஊசிய போடலையாமே! தலைக்கு ஏறிறப் போவுது. கத்திய வச்சிட்டுப் பதுளைக்குக் கெளம்பு. இன்னைக்கு ஒனக்குப் பேரு போட்டுக்கிறேன், போ!"

ஒரு நாள் சம்பளம் விழும், பயப்படாமல் போ என்று அர்த்தம். அவர் செய்தது அன்பு. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எழுபது, எண்பது பேர் நின்ற இடம் அது. யாரோ ஒரு பொம்பிளை "ஐயோ" என்றாள். யாரோ சிரித்தார்கள். இன்னொரு குரல், "அவங்கிட்டயா கத்தியக் குடுத்துருக்கீங்க?" என்றது. எல்லாம் என் காதில் விழுந்தன. நான் இங்கே மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வருடக்கணக்காக உறையில் பெயர் போடாத நான், என் தம்பியின் நோயைப் பெரட்டில் வாசிக்க வைத்தேன். வெட்கமாக இருக்கிறது, எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மோகன் கத்தியைக் கீழே வைத்தான். கிளினிக்குக்குப் போகவில்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கமலா அக்காவிடம் கொடுத்துவிட்டு, மொனராகலைப் பக்கம் போவதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

5

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது? நெருப்பில் நின்ற மாதிரிதான். அவனுடைய தொலைபேசி அடிக்கும், அவன் எடுக்க மாட்டான். கங்காணி மாமாவுக்குத் தான் என்ன தப்புச் செய்தோம் என்று கடைசி வரைக்கும் விளங்கவில்லை. "நல்லதுதானே தாயி சொன்னேன், ஒளிக்கிறதுக்கு அது என்ன களவா?" என்று நொந்துகொண்டார். அவரிடம் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பதுளைக் கிளினிக்குக்கே அழைத்தேன். நாலைந்து தடவை கை மாறி, தமிழ் தெரிந்த ஒரு தாதி மிஸ் வந்தார். நான் யார், எவர், நான்கு வருடம் கூட்டி வந்தது நான்தான் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். ஊசி போட வந்தானா, அது மட்டும் தெரிந்தால் போதும் என்றேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவரு கொப்பியில யார் பேரக் குடுத்தாரோ அவங்ககிட்ட மட்டுந்தான் நாங்க பேசலாம். ஒங்க பேரு அதுல இல்லீங்க."

என்னுடைய வசனம், எனக்கே. ஆனாலும் இந்த வேலையில் ஊறியவள் அல்லவா, உடனே ஒன்று பிடிபட்டது. நாங்களாக இருந்தால் அவ்வளவும் சொல்ல மாட்டோம். கொப்பியில் யாரோ ஒருவருடைய பெயர் இருக்கிறது என்றால் அவனை அவர்கள் விட்டுவிடவில்லை. அந்தத் துணுக்கை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன்.

கிளினிக்குக்கு அழைத்த அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அழுதேவிட்டேன். அனு எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ மோகன் மாமாகிட்ட கேட்டியா?"

"என்ன கேக்குறது?"

"யார்கிட்ட சொல்லலாம்னு. சொல்றதுக்கு முன்னாடி."

"நான் அவன் அக்காடி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஆங்கிலத்திலும் தமிழிலுமாக, என் முகத்தைப் பார்க்காமல், ஒன்றைச் சொன்னாள். முதலாம் வருடத்தில் அவளுக்குத் தூக்கமே இல்லையாம். வகுப்புக்குப் போக முடியவில்லையாம். பல்கலைக்கழகத்தில் ஓர் ஆலோசகரிடம் ஐந்து மாதம் போனாளாம். இப்போது சரியாகிவிட்டதாம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பெரட்டு வச்சிருப்ப, அம்மா."

என் மகளுக்குப் பெரட்டு என்பதே நான் சொன்ன கதைகளிலிருந்து தெரிந்ததுதான். அவள் சொல்லியிருந்தால் எத்தனை பெரியம்மாக்களுக்கும் சித்திகளுக்கும் அன்றே அழைத்திருப்பேன் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன், ஏழு பேர் வந்தார்கள்.

6

மோகனுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். ஊசியைப் பற்றி ஒரு சொல் இல்லை. "தம்பி, பெரட்டுல சொல்ல வச்சது என் தப்பு. என்ன மன்னிச்சிரு. இனிமே ஒன்னப் பத்தி எதச் சொல்லலாம், எதச் சொல்லக் கூடாது, எப்பப் பேசலாம்னு நீயே சொல்லு. சொல்றபடி கேக்குறேன்." அவ்வளவுதான். அனுப்பிய பிறகு தொலைபேசியை அரிசி வாளிக்குள் வைத்து மூடினேன். இல்லாவிட்டால் அரை மணிக்கு ஒரு செய்தி அனுப்பியிருப்பேன்.

பல வாரம் பதில் இல்லை. பத்து நாளைக்கு முன்னர் வந்தது. நான்கு நிமிடக் குரல்செய்தி. அவன் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

"அக்கா, மோகன் பேசுறேன். தோட்டத்துக்கு வந்துட்டேன். மொனராகலையில கரும்பு வெட்டுனேன். அங்க ஒருத்தனுக்கும் என்னயத் தெரியாது, அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தூக்கம் போயிருச்சு. பழைய சத்தமெல்லாம் கிட்ட வரப் பாத்துச்சு. அதான் பயந்து வந்துட்டேன்."

கொஞ்சம் இருமினான். பின்னால் கோழிச் சத்தம்.

"நான் ஏன் ஊசிக்குப் போகலன்னு ஒனக்குத் தெரியாதுல்ல? கை நடுங்குது அக்கா. ஊசி போட்டா பத்து நாளைக்குக் கை நிக்காது. கெளையில விழ வேண்டிய கத்தி கால்ல விழப் பாக்குது. நீயும் போகச் சொன்ன, கங்காணி மாமாவும் போகச் சொன்னாரு. ஏன்டா போகலன்னு ஒருத்தரும் கேக்கல. அனு மட்டுந்தான் கேட்டுச்சு. அது எங்கூட மெசேஜ் போட்டுக்கிட்டுத்தான் இருக்கு, ஒங்கிட்ட சொல்ல வேணாம்னேன்."

நான்கு வருடம் அவனுக்காக வைத்தியருக்குப் பதில் சொன்னவள் நான். அந்த நடுக்கம் அப்போதே இருந்ததா? இருந்திருக்கும். "மருந்து ஒத்துப்போகுது டொக்டர்" என்று நான் சொல்லியிருப்பேன்.

"வர்ற கிளினிக்குக்குப் போறேன். மிஸ்கிட்ட நானே சொல்லப் போறேன். வேற மருந்து இருக்குன்னு அனு சொல்லுது. கொப்பியில கமலா அக்கா பேரத்தான் குடுத்துருக்கேன், கோவிச்சுக்காத. நீ பயந்தீன்னா ஊருக்கே கேக்கும். ஆனா ஒன்னு செய்றேன். போயிட்டு வெளிய வந்ததும் ஒனக்கு ஒரு மிஸ் கோல் குடுக்குறேன். நீ எடுக்கக் கூடாது. எடுத்தா என்ன சொன்னாங்க, எத்தன மருந்துன்னு கேப்ப. எடுத்தீன்னா அடுத்த மாசம் கெடயாது."

கடைசியில் இன்னொன்று. "நீ பேப்பருக்கு எழுதுறியாம், அனு சொல்லுச்சு. என்னப் பத்தி எழுதுனா எழுதிக்க. பேர மாத்து. தோட்டத்துப் பேரப் போடாத."

7

அதனால்தான் இன்று நான் நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் திரிகிறேன்.

மூன்று மணிக்கு அந்த யாழ்ப்பாணத்து அக்கா மறுபடி அழைத்தார். கோபம் தணிந்த குரல், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் மேசையில் கிடந்த என்னுடைய தமிழ்ப் பிரசுரத்தைப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் நானே எழுதிய ஒரு வரி இருந்தது. குடும்பத்தார் எங்களிடம் சொல்ல விரும்புவதைச் சொல்லலாம். நாங்கள் அவர்களிடம் எதையும் சொல்ல மாட்டோம். எழுதும்போது அது எனக்கு வெறும் வரியாகத்தான் இருந்தது.

"அக்கா, என்னால் உங்களுக்கு ஒன்றும் சொல்ல ஏலாது. உங்கள் தம்பி இங்கே வருகிறாரா என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன். அப்படி ஒருவர் இங்கே வருபவராக இருந்தால் அது வைத்தியரிடம் போகும். நீங்கள் சொன்னதாக உங்கள் தம்பிக்கும் தெரியவரலாம். சரியா?"

"கேப்பியளோ?" என்றார்.

"கேட்பேன்."

இருபது நிமிடம் பேசினார். அதில் ஒரு சொல்லையும் இங்கே எழுத மாட்டேன். முடிவில், "எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான் அக்கா" என்றேன். அது விதியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. லின்னிடம் கேட்கவும் இல்லை.

நான்கரை ஆனது. பதுளையில் பன்னிரண்டு. கிளினிக் முடிகிற நேரம். தொலைபேசியை மேசையில் மல்லாக்க வைத்தேன், பிறகு கவிழ்த்து வைத்தேன், பிறகு மல்லாக்க வைத்தேன். நான்கு நாற்பது. பஸ் கிடைக்காமல் போயிருக்கலாம். வரிசை நீளமாக இருக்கலாம். பசறைச் சந்தியில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். கமலா அக்காவுக்கு ஓர் அழைப்பு, ஒரே ஓர் அழைப்பு எடுத்தால் என்ன? எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். வெட்டிவிட்டேன். நான்கு ஐம்பதுக்கு லின் விளக்குகளை அணைக்கத் தொடங்கினாள்.

நான்கு ஐம்பத்து மூன்றுக்கு அடித்தது.

திரையில் அவன் பெயர். என் கை தானாகப் போனது. அதை இழுத்துத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். மற்றக் கையையும் அப்படியே வைத்தேன். மிஸ் கோல் என்றால் இரண்டு தடவை அடித்ததும் வைத்துவிடுவார்கள். அவன் வைக்கவில்லை. நான்கு, ஐந்து. என்னைச் சோதித்துப் பார்க்கிறான். ஏழு, எட்டு. படவா, சிரித்துக்கொண்டு நிற்கிறானோ என்னவோ. எனக்குக் கண்ணால் தண்ணீர் கொட்டியது.

"புஷ்பா, உன் தொலைபேசி அடிக்கிறது," என்றாள் லின்.

"தெரியும்."

பதினொன்றாவது மணியோடு நின்றது.

"யார் அது? ஏன் எடுக்கவில்லை?"

"என் தம்பி," என்றேன். "எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்."